நாயின் கண்ணில் பீளை: சொட்டு மருந்துக்கு முன்னால் ஷிர்மர் பட்டை

கண்ணில் பீளை கட்டுகிறது. துடைத்தால் மறுபடி கட்டுகிறது. ஆன்டிபயாடிக் சொட்டு போட்டால் நான்கு நாள் தேவலை, நிறுத்தினால் பழைய கதைதான். இப்படி ஒரு நாய் வந்தால் அடுத்த ஆன்டிபயாடிக்கைத் தேடுவதற்கு முன் அந்தக் கண்ணில் கண்ணீர் இருக்கிறதா என்று ஷிர்மர் பட்டை என்ற வடிதாள் துண்டால் அளந்து பாருங்கள். நாய்களில் பாக்டீரியா தானாக வந்து கண்ணைக் கெடுப்பது அபூர்வம். அதற்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களில் அடிக்கடி தவறவிடப்படுவது உலர்கண் நோய்.

கால்நடை மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இந்த வழிகாட்டி. நாய் வளர்ப்பவர்கள் படித்தாலும் பயன்படும்; தங்கள் நாய்க்கு எந்தச் சோதனை செய்யப்பட்டது, எது விடுபட்டது என்று அவர்களால் கேட்க முடியும்.

கண்ணீர் வற்றினால் பீளை ஏன் கூடுகிறது

புதியவர்களைக் குழப்புவது இதுதான். உலர்ந்த கண் என்றால் வறண்டு கிடக்க வேண்டாமா, இது பிசுபிசுவென்று ஒழுகுகிறதே என்று நினைப்பார்கள். கண்ணீர்ப் படலத்தில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இமை விளிம்புச் சுரப்பிகள் தரும் எண்ணெய் மேலே, நீர் நடுவில், சவ்வுச் செல்கள் தரும் கோழை அடியில். நீர்ப் பகுதியைத் தருபவை இரண்டு சுரப்பிகள்: கண் குழிக்குள் மேற்புறம் ஒன்று, மூன்றாம் இமையின் (கண்ணின் உள்மூலையில் மடிந்திருக்கும் சவ்வு) அடியில் ஒன்று. இவை சுருங்கிப்போனால் குறைவது நீர் மட்டும்தான். கோழை குறைவதில்லை, உறுத்தல் காரணமாக இன்னும் கூடுகிறது. நீர் இல்லாமல் அது கழுவப்படுவதில்லை. தேங்கிய கோழையில் பாக்டீரியா பெருகி, பீளை மஞ்சளும் பச்சையுமாக மாறுகிறது.

ஆன்டிபயாடிக் போட்டதும் தேவலையாவது இதனால்தான். பெருகிய பாக்டீரியா குறைகிறது, சொட்டின் ஈரமும் கண்ணைக் கொஞ்சம் கழுவுகிறது. ஆனால் சுரப்பி அப்படியேதான் இருக்கிறது.

நாட்பட்டால் கருவிழி பளபளப்பை இழக்கும். ஓரத்திலிருந்து இரத்தக் குழாய்கள் நுழையும், அதன்பின் பழுப்பு நிறமி படரும், கடைசியில் பூ விழுந்த கண்ணாகிவிடும். படர்ந்த நிறமியை முழுதாக எடுக்க வழியில்லை. முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

தொடாமல் பார்க்க வேண்டியவை

நாயை மேசையில் ஏற்றியதும் இமையைப் பிரிக்காதீர்கள். ஒரு கை தூரத்தில் நின்று இரண்டு கண்களையும் ஒப்பிடுங்கள். கையிலுள்ள விளக்கை ஏற்றி, அதன் பிம்பம் கருவிழியில் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். நல்ல கண்ணில் ஒளிப்புள்ளி கூர்மையாக, கண்ணாடியில் தெரிவது போலிருக்கும். உலர்ந்த கண்ணில் அது சிதறி, விளிம்பு கலங்கித் தெரியும். எந்தச் சோதனைக்கும் முன்பே கிடைக்கும் இந்தத் துப்பு நம்பத்தக்கது.

பீளை கருவிழியின் மேலேயே கயிறு போல் ஒட்டியிருக்கிறதா, உள்மூலையில் மட்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒட்டியிருந்தால் உலர்கண்ணைச் சந்தேகிக்கலாம். தண்ணீராக வழிந்து கன்னத்து முடி நனைந்திருந்தால் பெரும்பாலும் வேறு நோய். நாய் கண்ணைச் சுருக்குகிறதா, கூசுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பக், ஷிட்சூ, பெக்கிங்கீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களின் கருவிழிக்கு உணர்ச்சி குறைவு. புண் வந்த பிறகும் அவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கவில்லை என்பதை வைத்து வலியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிறகு மூக்கு. இரண்டு நாசித் துளைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்து, அதே பக்கக் கண்ணும் உலர்ந்திருந்தால் கோளாறு சுரப்பியில் இல்லை, அதற்குப் போகும் நரம்பில். இதைப் பார்க்க ஐந்து நொடி போதும். ஆனால் சிகிச்சையையே இது மாற்றும் என்பதால் விட்டுவிடக் கூடாது.

வரிசை மாறக் கூடாது

கண் சோதனைகளில் ஒன்று அடுத்ததைக் கெடுக்கும். அதனால் இந்த வரிசையிலேயே போங்கள்:

1. ஷிர்மர் பட்டைச் சோதனை
2. ஃப்ளூரசீன் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் உடையும் நேரம்
3. அதே சாயத்தைக் கழுவிவிட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்தல்
4. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண் அழுத்தம் அளத்தல், மூன்றாம் இமைக்குப் பின்னால் பார்த்தல்

மரத்துப்போகும் சொட்டை முதலில் விட்டால் உறுத்தலால் ஊறும் கண்ணீர் நின்றுவிடும், ஷிர்மர் அளவு பொய்யாகக் குறையும். சலைனால் கழுவிவிட்டு அளந்தால் பொய்யாகக் கூடும். பீளையைப் பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதற்கான பஞ்சுக் குச்சியைச் சாயம் விடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கருவிழியில் ஆழமான பள்ளம் கண்ணுக்கே தெரிந்தாலோ, கண் உடைந்துவிடும் போலிருந்தாலோ அந்தக் கண்ணில் பட்டை வைக்க வேண்டாம், அழுத்தமும் அளக்க வேண்டாம். மற்றக் கண்ணை மட்டும் அளந்து, நாயைக் கண் மருத்துவரிடம் உடனே அனுப்புங்கள்.

ஷிர்மர் சோதனை

ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் மனிதர்களுக்காக விவரித்த சோதனை இது. 5 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உள்ள வடிதாள் பட்டை. ஒரு முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு வெட்டுக்குறி இருக்கும். சில பட்டைகளில் மி.மீ. அளவும் நீலச் சாயமும் அச்சிடப்பட்டிருக்கும். ஈரம் எங்கே நிற்கிறது என்று சாயம் காட்டிக்கொடுக்கும் என்பதால் தொடக்கத்தில் அதையே வாங்குவது நல்லது.

உறையைத் திறப்பதற்கு முன்பே, வெளியிலிருந்து தடவி, வெட்டுக்குறியில் பட்டையை மடித்துவிடுங்கள். கண்ணுக்குள் போகும் முனையில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட தாள் சரியாக உறிஞ்சாது.

இமை மேல் பீளை மூடியிருந்தால் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். கருவிழியைத் தேய்க்காதீர்கள், ஈரப் பஞ்சு வேண்டாம். நீண்ட முடி உள்ள நாய்களுக்கு முகத்து முடியை ஒதுக்கிப் பிடியுங்கள். பட்டை முடியில் பட்டால் ஈரம் முடிக்குப் போய்விடும்.

உதவியாளர் நாயின் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளட்டும். கழுத்தை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நீங்கள் கட்டை விரலால் கீழ் இமையை மெல்ல இறக்கி, மடித்த முனையைக் கொக்கி போல் இமை விளிம்பில் மாட்டுங்கள். எந்த இடம் என்பது முக்கியம்: கீழ் இமையை மூன்று பங்காகப் பிரித்தால், நடுப் பங்கும் வெளிப் பங்கும் சேரும் இடம். மூக்குப் பக்கமாக வைத்தால் மூன்றாம் இமை எழும்பிப் பட்டைக்கும் கருவிழிக்கும் நடுவே வந்துவிடும். பட்டை கருவிழியைத் தொட்டால்தான் உறுத்தல் உண்டாகி, சுரப்பியின் முழுத் திறன் தெரியும்.

வைத்த கணத்தில் நேரம் பார்க்கத் தொடங்குங்கள். 60 நொடி. கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பரவாயில்லை. பட்டை நழுவுமானால் இமைகளை மெல்ல மூடிப் பிடித்துக்கொள்ளலாம், அழுத்த வேண்டாம். 60 நொடி முடிந்ததும் எடுத்து உடனே படியுங்கள். எடுத்த பிறகும் ஈரம் தாளில் ஊர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் போட்டுவிட்டு மற்றக் கண்ணைக் கவனித்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று மி.மீ. கூடியிருக்கும்.

அளக்க வேண்டியது வெட்டுக்குறியிலிருந்து. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு பட்டையின் முனையிலிருந்து அளப்பது. அப்படிச் செய்தால் 5 மி.மீ. கூடிவிடும், 9 என்பது 14 ஆகி, நடுத்தர நோய் எல்லைக்கோட்டு நோயாகிவிடும். ஈரக்கோடு சரிந்திருந்தால் அதன் நடுப்புள்ளியை எடுங்கள், ஒவ்வொரு முறையும் அப்படியே எடுங்கள்.

அவசரத்துக்கு 30 நொடி அளந்து இரண்டால் பெருக்கும் பழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். இமைக்குள் ஏற்கெனவே தேங்கியிருக்கும் கண்ணீரைப் பட்டை முதல் சில நொடிகளில் வேகமாக உறிஞ்சும், பிறகுதான் மெதுவாகும். பெருக்கினால் நோயுள்ள கண் நல்ல கண்ணாகத் தெரியும். மாறாக, 60 நொடிக்கு முன்பே 15ஐத் தாண்டிவிட்டால் நாயைத் தொந்தரவு செய்யாமல் நிறுத்திக்கொண்டு, 25 நொடியில் 18 என்பது போல நேரத்தோடு எழுதிவையுங்கள். பட்டை பாதியில் விழுந்துவிட்டால் சில நிமிடம் விட்டு, புதுப் பட்டையால் முதலிலிருந்து செய்யுங்கள்.

இரண்டு கண்களையும் அளப்பது கட்டாயம். உடைமையாளர் ஒரு கண்ணைத்தான் காட்டுவார். நோய் எதிர்ப்பு மண்டலம் சுரப்பியைத் தாக்குவதுதான் மிகப் பொதுவான காரணம்; அதில் மற்றக் கண்ணும் ஓசையில்லாமல் கீழே வந்துகொண்டிருக்கும்.

எண்ணை எப்படிப் படிப்பது

நிமிடத்துக்கு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு. 10 முதல் 14 வரை என்றால் தொடக்க நிலைச் சந்தேகம். 6 முதல் 9 வரை நடுத்தரம். 5 அல்லது அதற்குக் கீழே கடுமை.

எண்ணை மட்டும் வைத்து நோயின் பெயரை எழுதிவிடாதீர்கள். 12 மி.மீ. வந்து, கூடவே சிவப்பும் பீளையும் மங்கிய கருவிழியும் இருந்தால் உலர்கண் என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். அதே 12, கண் தெளிவாக இருக்கும் நாயில் வந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். வயதான நாய்களில் அளவு சற்றுக் குறையும், மிகச் சிறிய குட்டிகளிலும் குறைவுதான்.

எளிதில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு: புண்ணோடு, வலியோடு இருக்கும் கண்ணில் 15 வருவது. வலிக்கும் கண் தாரைதாரையாக ஊற வேண்டும், 25, 30 என்று போக வேண்டும். அங்கே 15 என்பது குறைவுதான். அப்போது மற்றக் கண்ணின் அளவு கைகொடுக்கும். அது 10 அல்லது 11 என்றால், புண்ணுக்குக் காரணம் உலர்ச்சிதான் என்று சந்தேகிக்கலாம்.

அளவு பொய்யாகக் குறையும் சூழல்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுத்த நாயில் ஒரு நாள் வரைகூடக் கண்ணீர் குறைந்திருக்கும். ஆசுவாசப்படுத்தும் ஊசிகளும் குறைக்கும். அட்ரோபின் சொட்டு குறைக்கும். பல் சுத்தம் செய்த மாலையில் அளந்த 8ஐ நம்பி ஆயுள் முழுக்க மருந்து எழுதக் கூடாது.

பட்டை வைக்க இடமே இல்லாத மிகச் சிறிய நாய்களுக்கு ஃபீனால் சிவப்பு நூல் சோதனை உண்டு. மஞ்சள் நூல் கண்ணீர் பட்ட இடத்தில் சிவக்கும். 15 நொடியில் முடிந்துவிடும். ஆனால் அதன் அளவு வேறு. இயல்பான நாயில் 15 நொடிக்கு 30 மி.மீ.க்கு மேல் வரும். ஷிர்மர் எண்ணோடு கலந்துவிடாதீர்கள்.

சாயம்: ஒரே துளியில் இரண்டு சோதனை

ஃப்ளூரசீன் பட்டையில் ஒரு சொட்டு சலைன் விட்டு, வெண்விழியின் மேற்புறத்தில் மெல்லத் தொடுங்கள். கருவிழியைத் தொட்டால் பட்டை பட்ட இடமே புண் போல ஒளிரும்.

முதலில் படலம் உடையும் நேரம். நாய் ஓரிரு முறை இமைத்துச் சாயம் பரவியதும், இமைகளை மூடித் திறந்து, திறந்தபடியே பிடியுங்கள். அறையை இருட்டாக்கி நீல ஒளியில் கருவிழியின் மேல் வெளிப்புறப் பகுதியைப் பாருங்கள். பச்சைப் படலத்தில் முதல் கரும்புள்ளி தோன்றும்வரை நொடிகளை எண்ணுங்கள். இயல்பான நாயில் 20 நொடி அளவுக்குத் தாங்கும். 10க்குக் கீழே போனால் படலத்தின் தரம் கெட்டிருக்கிறது.

ஷிர்மர் அளவு 18, 20 என்று நன்றாக இருந்தும் கண் சிவந்து மங்கியிருக்கும் நாய்களில் நோயைக் கண்டுபிடிப்பது இந்தச் சோதனைதான். அங்கே நீர் போதுமான அளவு இருக்கிறது. கோழையோ எண்ணெயோ குறைந்ததால் படலம் கண்ணில் நிற்காமல் உடைகிறது. அப்போது இமை விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுரப்பித் துளைகள் வீங்கி, பற்பசை போல் கெட்டியான பொருள் வந்தால் எண்ணெய்ச் சுரப்பியில் அழற்சி என்று பொருள்.

பிறகு சலைனால் சாயத்தை நன்றாகக் கழுவுங்கள். சரியாகக் கழுவாவிட்டால் கோழையில் ஒட்டிய சாயம் புண் போலத் தோன்றும். உலர்கண்ணில் இது அடிக்கடி நடக்கும். கழுவிய பின்னும் பச்சையாக ஒளிரும் இடம் புண். வளையம் மட்டும் பச்சையாகி நடுவில் கருமையாக, தெளிவாக இருந்தால் புண் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கருவிழியின் கடைசிச் சவ்வு மட்டும் மிச்சமிருக்கிறது, அது சாயத்தை ஏற்காது. எந்த நேரமும் கண் உடையலாம். அது அவசர நிலை.

புண் இருக்கிறதா என்று தெரியும்வரை ஸ்டீராய்டு கலந்த சொட்டு எதையும் கண்ணில் விடக் கூடாது. புண்ணுள்ள கருவிழியை அது உருக்கிவிடும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு என்பதால் உடைமையாளருக்கும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உலர்கண் போலவே தோன்றுபவை

சிவந்த கண்ணெல்லாம் உலர்கண் இல்லை. உள்ளே மடங்கிய இமை, இமையின் உட்புறம் முளைத்துக் கருவிழியைக் குத்தும் முடி, மூன்றாம் இமைக்குப் பின்னால் சிக்கிய புல் விதை, ஒவ்வாமை எல்லாம் சிவப்பும் பீளையும் தரும். இவற்றில் ஷிர்மர் அளவு பெரும்பாலும் கூடியிருக்கும். கண் அழுத்தத்தை அளக்காமல் விடாதீர்கள். 25 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் போனால் கண் நீர் அழுத்த நோயை (கிளாக்கோமா) சந்தேகிக்க வேண்டும். 10க்குக் கீழே இருந்தால் கண்ணின் உள்ளே அழற்சி இருக்கலாம். இமை ஓரத்தைத் தொட்டு, நாய் முழுதாக இமைக்கிறதா என்றும் பாருங்கள். முக நரம்பு செயலிழந்து இமை மூடாத கண், சுரப்பி நன்றாக இருந்தாலும் காய்ந்துபோகும்.

ஏன் வந்தது என்று கேட்க வேண்டிய கேள்விகள்

உலர்கண் என்று உறுதியானதும் வேலை முடிந்துவிடாது. உடைமையாளரிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

சமீபத்தில் என்ன மருந்து கொடுத்தீர்கள்? ட்ரைமெத்தோப்ரிம் கலந்த சல்ஃபா மாத்திரை, குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசீன், மூட்டு வலிக்குத் தரும் எட்டோடொலாக் ஆகியவை கண்ணீர்ச் சுரப்பியைக் கெடுக்கக்கூடியவை. உடனே நிறுத்தினால் சில நாய்களில் சுரப்பி மீளும், சிலவற்றில் மீளாது. அதனால் சல்ஃபா தொடங்கும் முன் ஒரு ஷிர்மர், மருந்து ஓடும்போது ஒரு ஷிர்மர் என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

செர்ரி கண் (மூன்றாம் இமைச் சுரப்பி சிவந்து வெளியே பிதுங்குவது) என்று அந்தச் சுரப்பியை வெட்டி எடுத்தார்களா? கண்ணீரின் நீர்ப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அந்தச் சுரப்பி தருகிறது. வெட்டியதன் விளைவு ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரியலாம். இன்றைக்கு அதை வெட்டாமல் உள்ளே தைத்துப் பொருத்துவது அதனால்தான்.

தடுப்பூசி போடாத குட்டியா? டிஸ்டெம்பர் வைரஸ் சுரப்பியைத் தாக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வந்து, மூக்கும் காய்ந்திருக்கிறதா? காதின் உள்ளே நாட்பட்ட அழற்சி இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, எடை கூடி முடி கொட்டுகிறதா? நீரிழிவு, தைராய்டு குறைவு, குஷிங் நோய் ஆகியவற்றுக்கு இரத்தச் சோதனை தேவைப்படும்.

இனமும் ஒரு துப்பு. காக்கர் ஸ்பானியல், புல்டாக், வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர், லாசா அப்சோ, ஷிட்சூ, பக், கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் ஆகியவற்றில் இது அதிகம். இந்த இனங்களுக்கு ஆண்டுக்கொரு முறை, கண் நன்றாக இருந்தாலும், ஷிர்மர் அளந்து எழுதிவைக்கலாம்.

உடைமையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது

முதல் சோதனைக்கு வரும் நாளில் காலையிலிருந்து கண்ணில் எந்தச் சொட்டும், செயற்கைக் கண்ணீரும் விட வேண்டாம், கண்ணைக் கழுவ வேண்டாம். பீளை கட்டியிருக்கும் கோலத்தை அதிகாலையில் படம் எடுத்துக்கொள்ளட்டும். இதுவரை போட்ட எல்லாச் சொட்டுகளையும், தீர்ந்த குப்பிகள் உட்பட, கொண்டு வரட்டும். கண்ணைத் திறக்கவே முடியாமல் மூடிக்கொண்டாலோ, திடீரென்று வெள்ளை அல்லது நீலம் படர்ந்தாலோ நேரம் குறித்துக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்.

மறு அளவு

நோய் எதிர்ப்பு மண்டலத்தால் வரும் உலர்கண்ணுக்கு வழக்கமான மருந்து 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்பு, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இது மெதுவாகத்தான் வேலை செய்யும். 4 முதல் 6 வாரத்தில் மறு அளவு எடுங்கள். 8 வாரமாவது போகாமல் பலனில்லை என்று கைவிடாதீர்கள். தொடக்க அளவு 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்த நாய்களில் பெரும்பாலானவை முன்னேறும். 0 அல்லது 1 என்றால் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான், அதை உடைமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறு அளவு நாளில் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் சோதனைக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. களிம்பு போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, முன்பு அளந்த அதே வேளையில், அதே நிறுவனத்தின் பட்டையால் அளக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் தாள் உறிஞ்சும் வேகம் மாறும் என்பதால் 7லிருந்து 10க்கு ஏறியது மருந்தாலா தாளாலா என்று பிறகு சொல்ல முடியாது. அட்டையில் தேதி, நேரம், வலது, இடது, பட்டையின் பெயர், கடைசியாகக் களிம்பு போட்ட மணி ஆகிய ஆறையும் எழுதுங்கள். அளவு 15ஐத் தாண்டியதும் குணமாகிவிட்டது என்று உடைமையாளர் களிம்பை நிறுத்துவது வழக்கம். நிறுத்தினால் கண்ணீர் மறுபடி வற்றும். அட்டையைக் கையில் கொடுத்து, எண் ஏறியது மருந்து ஓடிக்கொண்டிருப்பதால்தான் என்று அப்போதே காட்டிவிடுங்கள்.